நான்கு விடுதிகளும் ஒரு சலவைக்கூடமும்

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து ஆல்டன் கிரீக் கல்லூரி வானொலிக்கு அறுபது வயது நிறைந்ததை ஒட்டி நிலையத்தின் வரலாறு என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டிருந்தார்கள். ஊரில் எல்லா வீட்டுக்கும் தபாலில் வந்தது. அல்பீனா அதைச் சமையலறை மேசையில் வைத்துக்கொண்டு, கசகசா ரொட்டியைக் காபியில் தோய்த்துத் தின்றபடி புரட்டினாள். மூன்றாம் பக்கத்திலேயே அவளுக்குச் சுருக்கென்றது.

‘1949 முதல் 1959 வரை நம் நிலையம் வான் அலையில் ஒலிக்கவில்லை. ஒலி கல்லூரியின் மின்கம்பிகள் வழியாகவே சென்றது. ஆகவே அந்தப் பத்து ஆண்டுகளும் நான்கு விடுதிகளிலும் உணவுக்கூடத்திலும் மட்டுமே அதைக் கேட்க முடிந்தது.’

“மட்டுமேவா?” என்றாள் காபிக் கோப்பையைப் பார்த்து. “நல்லா எழுதினீங்க போங்க.”

எழுபது வயதில் ஒரு வார்த்தைக்காக இவ்வளவு கோபம் வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. புருஷன் போய் ஐந்து வருடம் ஆகிறது. தானியக் கிடங்கில் வேலை பார்த்த நல்ல மனுஷன், அவளைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. பெண்கள் இரண்டு பேரும் வெளியூரில் குடித்தனம் செய்கிறார்கள். குறையென்று சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தப் புத்தகத்தில் ஒரு இடம் விட்டுப்போயிருந்தது. அந்த இடத்தில்தான் அவளுடைய பத்தொன்பதாவது வயது முழுக்க இருந்தது.

அந்த நாளில் நிலையம் நடந்த விதமே வேறு. விடுதிச் சுவருக்குள் ஓடுகிற மின்கம்பியில் ஒலியை ஏற்றிவிடுவார்கள். அந்தக் கம்பியில் சொருகிய எந்த ரேடியோவும் பாடும். பேட்டரி ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே நூறடி நடந்தால் பாட்டு அமுங்கி, இரைச்சலாகி, செத்துப்போகும். போரிலிருந்து திரும்பிப் படிக்க வந்த இரண்டு பேர் பழைய ராணுவச் சாமான்களை வைத்துச் செய்த வேலை அது. ஒலியைக் கம்பியில் ஏற்ற விடுதிக்கு ஒரு பெட்டி என்று நான்கு பெட்டிகள். பெண்கள் விடுதியான பிரெஸ்காட்டின் பெட்டி மூன்றாம் மாடியில், துவைத்த துணி அடுக்குகிற அறையில் இருந்தது. அந்தப் பிரெஸ்காட்டிலிருந்துதான் பின்பக்கத்துச் சலவைக்கூடத்துக்கும் மின்சாரம் கிளை பிரிந்து வந்தது. இது நிலையத்துப் பையன்களுக்குத் தெரியாது. மின்சாரத்துக்குத் தெரியும்.

சலவைக்கூடத்தில் அல்பீனாவும் அவளுடைய ரூசா அத்தையும் வேலை பார்த்தார்கள். தானிய விலையும் மழைச் செய்தியும் கேட்பதற்காக அத்தை வீட்டிலிருந்து ஒரு பழைய வால்வு ரேடியோவைக் கொண்டுவந்து சோடா உப்பு டப்பாக்களுக்கு நடுவில் வைத்திருந்தாள். 1958 அக்டோபரில் ஒரு மாலை, மழைச் செய்தியைத் தேடி அல்பீனா முள்ளைத் திருப்பியபோது தெளிவாக ஒரு பையனின் குரல் வந்தது.

“நாலு மணி ஆச்சு. நான் ஓரின் ஸ்ட்ராண்ட். போன மாசம் முழுக்க இந்த நேரத்துல பேசினேன். ஒருத்தரும் ஃபோன் பண்ணல. இதைக் கேக்கறவங்க யாராவது இருக்கீங்களா, இல்ல நான் பாட்டுக்கு சுவத்தோட பேசிட்டிருக்கேனா?”

சொல்லிவிட்டு கிளாரினெட்டில் வாசித்த வால்ட்ஸ் நடனப் பாட்டு ஒன்றைப் போட்டான். அல்பீனாவின் தெருவில் கல்யாணம் தவறாமல் வாசிக்கிற மெட்டு அது. ஆனால் கல்யாணப் பெண்ணை நாய் துரத்துகிற மாதிரி ஓடியது. இசைத்தட்டை வேகம் மாற்றி வைத்துவிட்டான் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. தெரிந்தும் எப்படிச் சும்மா இருப்பது? சலவைக்கூடச் சுவரில் கல்லூரிக்குள் மட்டும் பேசுகிற ஃபோன் ஒன்று இருந்தது. எடுத்து நிலையத்து எண்ணைச் சுற்றினாள்.

“ஏங்க, ரெக்கார்டு தப்பான வேகத்துல ஓடுது.”

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது. “நீங்க... நெஜமா கேட்டுட்டிருக்கீங்களா?”

“கேட்டதாலதான காது வலிக்குது.”

“இருங்க, இருங்க, வச்சிடாதீங்க. எப்படிக் கேக்குது அங்க? பதிவேட்டுல எழுதணும்.”

“தெளிவாக் கேக்குது.”

“எந்த ரூம்?”

அல்பீனா இதை எதிர்பார்க்கவில்லை. எதிரே, மேலே அனுப்பக் கட்டிவைத்த துணி மூட்டையில் ஒரு அட்டை தொங்கியது. அதில் இருந்ததை அப்படியே படித்தாள். “பிரெஸ்காட், முந்நூத்திப் பத்தொம்பது.”

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. எழுதிக்கொள்கிறான் என்று அவள் நினைத்தாள். “சரி, 319,” என்றான் பிறகு. “சரியான வேகத்துல இன்னொரு தடவை போடறேன்.”

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால் அத்தை உருளை இஸ்திரி எந்திரத்தை நிறுத்திவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள்.

“நீ எப்போடி காலேஜுல சேந்த?”

“இப்பதான் அத்தை.”

“சேத்துக்கிட்டவனுக்குத் தெரியுமா, நீ அவன் தலகாணி உறைக்குக் கஞ்சி போடறவன்னு?”

“பெண்கள் விடுதி மூட்டை அத்தை அது. அவன் உறை அடுத்த மூட்டையில இருக்கு.”

அத்தை சிரித்துவிட்டாள். எந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

அதன் பிறகு வாரத்துக்கு மூன்று நாளாவது அவள் கூப்பிட்டாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான், “எப்படிக் கேக்குது அங்க?” நிலையத்தில் ஒவ்வொரு அழைப்புக்கும் நேரம், அறை, கேட்ட பாட்டு, ஒலி எப்படி வந்தது என்று நான்கு கட்டம் நிரப்ப வேண்டுமாம். அல்பீனா மற்ற எதில் பொய் சொன்னாலும் அந்த நாலாவது கட்டத்தில் மட்டும் பொய் சொல்வதில்லை என்று வைத்திருந்தாள். கரகரப்பு இருந்தால் கரகரப்பு என்பாள்.

“இன்னிக்கு நாலு மணிலேருந்தே உர்ருன்னு ஒரு சத்தம் கூடவே வருது,” என்றாள் ஒருநாள்.

“மோட்டார் சத்தமா? உங்க ரூம்ல என்ன ஓடுது?”

“தலை காய வைக்கற எந்திரம்.”

“முக்கால் மணி நேரமாவா? எவ்ளோ முடி உங்களுக்கு?”

“பொறாமையா?”

அத்தை எந்திரத்தை நிறுத்தி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். ஏப்ரனின் முனைதான், ஆனால் அடைத்த வேகத்துக்கு அது முந்தானையே. ஓரின் அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பை அல்பீனா வீடு வரைக்கும் கொண்டுபோனாள். ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா உப்பு கேட்டதற்கு மிளகை எடுத்துக் கொடுத்தாள்.

வேலை ஐந்து மணிக்கு முடியும். நிகழ்ச்சி ஐந்தரை வரை. வீட்டில் இந்த நிலையம் வராது என்பதால் அரை மணி நேரம் சும்மா மடித்ததையே மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. எதற்கு இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டும்? அவனைப் பார்க்க வேண்டும் என்று ஏங்கினாள். பார்த்தால் அவன் முகம் சுருங்கிவிடுமோ என்று அதைவிட அதிகமாகப் பயந்தாள். அவனுக்குத் தெரிந்த 319 புத்தகம் படிக்கிறவள், நீண்ட முடிக்காரி. இவளோ சோப்பில் வெந்து சிவந்த கைகளோடு பின்கட்டில் நிற்கிறவள்.

வியாழக்கிழமைகளில் சுத்தத் துணியை மூன்றாம் மாடித் துணி அறைக்குக் கொண்டுபோய் அடுக்குவது அவள் வேலை. கதவில் 319 என்று பித்தளை எண் இருக்கும். உள்ளே விரிப்புகளுக்கு நடுவில் அந்தச் சாம்பல் நிறப் பெட்டி கதகதவென்றிருக்கும். குளிர்காலத்தில் அதன் மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பாள். அவன் குரல் இந்த வழியாகத்தானே வருகிறது என்று தோன்றும். பைத்தியக்காரத்தனம்தான்.

மார்ச் மாதம் முதல் வியாழக்கிழமை அவள் மூட்டையோடு படியேறும்போது மூன்றாம் மாடியில் மணி அடித்தது. “மாடியில ஆம்பளை வராங்க! ஆம்பளை!” என்று வார்டனம்மா தாழ்வாரம் முழுக்கக் கூவினார். பெண்கள் விடுதிக்குள் குழாய் ரிப்பேர்காரன் வந்தாலும் இப்படித்தான். கதவுகள் படபடவென்று சாத்திக்கொள்ளும். அல்பீனா துணி அறையைத் திறந்தாள். கவிழ்த்த துணிக்கூடையின் மேல் ஒல்லியான பையன் ஒருவன், கையில் ரேடியோவின் கண்ணாடி வால்வு ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காது இரண்டும் குளிரில் சிவந்திருந்தன. மூக்குக்கண்ணாடியின் கால் கம்பியால் கட்டியிருந்தது.

“மன்னிக்கணும்,” என்றான். “ரேடியோ பெட்டியைப் பாக்க வந்தேன்.”

அந்தக் குரல். அவளுக்கு மூட்டை கனத்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவனுக்குத் தெரிந்துவிடும். அதனாலேயே வாயைத் திறக்கவில்லை.

“ஒண்ணு கேக்கலாமா?” என்றான் அவன். “இந்த ரூமுக்கு யாராவது பொண்ணு வந்து போறதப் பாத்திருக்கீங்களா? இந்த எண்ணச் சொல்லி ஒருத்தங்க ஃபோன் பண்றாங்க. எனக்கு அவங்களப் பாக்கணும்.”

அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்று.

அவன் அவளுடைய தலைத்துண்டையும் கைகளையும் பார்த்தான். சலவைக்கூடத்தில் வேலை செய்த பொஹிமிய, அதாவது செக் நாட்டுக் குடும்பத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் வராது என்பது கல்லூரியில் எல்லோரும் நம்பியது. அல்பீனா பிறந்தது ஐயோவாவில், மூன்று தெரு தள்ளி. அவன் அதற்கு மேல் மெதுவாகவும் சத்தமாகவும், காது கேளாதவர்களிடம் பேசுவதுபோலப் பேசினான். “இங்கிலீஷ்... தெரியாதா? பரவால்ல.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பொஹிமிய மொழியில், தாழ்ந்த குரலில் சொன்னாள்: “நான்தான் அது. தினமும் நாலு மணிக்காகத்தான் உசுரோட இருக்கேன்.”

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதையாகப் புன்னகை செய்து, எழுந்து, மூட்டையை அவள் கையிலிருந்து வாங்கி மேல்தட்டில் வைத்துவிட்டுப் போனான். வார்டனம்மா அவனைப் படி வரை துரத்திக்கொண்டு போனார்.

கீழே வந்து அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“அட அசடே,” என்றாள் அத்தை. “தேடிக்கிட்டு வந்தவன் முன்னாடி ஊமையா நின்னியா?”

“என்னப் பாத்தா...”

“உன்னப் பாத்தா என்ன? மூக்கு இருக்கற எடத்துல மூக்கு இருக்கு. நாளைக்கு ஃபோன் பண்ணு. சலவைக்கூடத்துலேருந்துதான் பேசறேன்னு சொல்லு. நீ சொல்லலன்னா நான் சொல்றேன், என் இங்கிலீஷுல.”

சொல்லிவிடுவது என்று அல்பீனா முடிவு செய்தாள். வெள்ளிக்கிழமை தலைத்துண்டைக் கூடப் புதிதாகக் கட்டிக்கொண்டு வந்தாள், ஃபோனில் தெரியப்போகிற மாதிரி.

நான்கு மணிக்கு ஓரினின் குரல் வழக்கத்தைவிட உற்சாகமாக வந்தது. “எங்களுக்கு லைசென்ஸ் வந்தாச்சு. திங்கக்கெழமையிலேருந்து நாம எஃப்.எம்.ல வரோம். பத்து வாட்தான், ஆனா ஊர் முழுக்கக் கேக்கும். இந்தக் கம்பி வேலைக்கெல்லாம் இன்னியோட முழுக்கு. 319, இனிமே நீங்க எங்க போனாலும் என்னைக் கேக்கலாம்.”

அல்பீனா ரேடியோவின் முகப்பைப் பார்த்தாள். எண்கள் ஆயிரத்து அறுநூறோடு முடிந்துவிட்டன. போருக்கு முன்னால் வாங்கிய பெட்டி. எஃப்.எம். என்கிற எழுத்தே அதில் கிடையாது. வீட்டில் இருந்ததும் அப்படித்தான், அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்ததும் அப்படித்தான்.

ஃபோனைச் சுற்றினாள். வாழ்த்துச் சொல்கிறவர்கள் விடவில்லை. ஐந்தரை மணி வரை எடுத்தபோதெல்லாம் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஐந்தரைக்கு அவன் நன்றி சொன்னான். பிறகு ஒரு சொடுக்குச் சத்தம், அதன் பிறகு ஒன்றுமே இல்லை.

திங்கட்கிழமை நான்கு மணிக்கு மறுபடி ஃபோனைக் கையில் எடுத்தாள். எடுத்தவுடன் அவன் என்ன கேட்பான் என்று அவளுக்குத் தெரியும். எப்படிக் கேக்குது அங்க? கேட்கவே முடியாத பாட்டைப் போடச் சொல்வதற்கு அவள் யார்? சனி, ஞாயிறு இரண்டு நாளில் வெள்ளிக்கிழமைத் தைரியம் வற்றிப்போயிருந்தது. கல்யாண வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று சாப்பாடு எப்படியிருக்கிறது என்று கேட்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. வெட்கம் என்றும் மானம் என்றும் பிற்பாடு அதற்கு நிறையப் பெயர் வைத்துப் பார்த்தாள். பயம்தான். ஃபோனை வைத்துவிட்டாள். அன்றைக்கு வைத்ததுதான். அத்தை இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை.

மே மாதம் அவன் படிப்பை முடித்துப் போய்விட்டான்.

அறுபதாண்டுக் கொண்டாட்டத்தின் முதல் நாள் அல்பீனா நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு நிலையத்துக்குப் போனாள். பொறுப்பில் இருந்தது கெல்சி என்ற மாணவி. மூக்கில் வளையம், பேச்சில் பணிவு. அல்பீனா புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தைப் பிரித்து அவள் முன் வைத்தாள்.

“இது தப்பும்மா. சலவைக்கூடத்துலயும் கேட்டுது.”

“சலவைக்கூடமா? யாருமே சொல்லலையே மேடம்.”

“யாரும் எங்கள கேக்கலையே.”

கெல்சி உடனே குறித்துக்கொண்டாள். இணையத்தில் இன்றே திருத்திவிடுவதாகச் சொன்னாள். வந்த வேலை முடிந்துவிட்டது. ஆனால் சுவரில் ஒரு படம் இருந்தது: ஒல்லியான பையன், கம்பி கட்டிய கண்ணாடி. ‘ஓரின் ஸ்ட்ராண்ட், 1959 வகுப்பு. அலாஸ்காவில் வானொலிப் பொறியாளர். மறைவு 2003.’ அல்பீனா அதன் முன்னால் நின்றாள். அழுகை வரவில்லை. ஆறு வருடமாக இவன் இல்லாத உலகத்தில் துணி மடித்துக்கொண்டிருந்திருக்கிறோம், ஒருவரும் நமக்குச் சொல்லவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. யார் சொல்வார்கள்? எதற்குச் சொல்வார்கள்?

“அவரோட பதிவேடு இருக்கு மேடம்,” என்றாள் கெல்சி. “பாக்கறீங்களா?”

நீளமான நோட்டு. நான்கு கட்டம் போட்ட பக்கங்கள், சாய்ந்த கையெழுத்து. அக்டோபரைத் தேடி எடுத்தாள்.

‘4.22. பிரெஸ்காட் 319. வால்ட்ஸ். தெளிவு. (வேகம் தப்பு என்கிறார். உண்மை. 319 துணி அறை, நம் பெட்டி இருக்கும் இடம். யாரோ விளையாடுகிறார். விளையாடட்டும்.)’

முதல் நாளே தெரிந்திருக்கிறது அவனுக்கு. அல்பீனா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பிப்ரவரியில் இரண்டு இடத்தில், ‘பிரெஸ்காட் பெட்டிக்கு வால்வு மாற்றினேன். பழையது நன்றாகத்தான் இருந்தது. யாரும் வரவில்லை.’ மார்ச் முதல் வியாழன்: ‘மறுபடி வால்வு. ஒரு சலவைப் பெண் மட்டும் வந்தாள், ஆங்கிலம் தெரியாது. அவள் மொழியில் ஏதோ சொன்னாள். என்னவென்று தெரிந்தால் நன்றாயிருக்கும்.’

அடுத்து எஃப்.எம். பக்கங்கள். திங்கட்கிழமை: ‘4.10. 319க்காக, வால்ட்ஸ்.’ ஒலி எப்படி வந்தது என்ற கட்டம் காலி. செவ்வாய்: ‘4.10. 319க்காக, வால்ட்ஸ்.’ காலி. புதன் காலி. பக்கம் பக்கமாகத் திருப்பினாள். ஏப்ரல் முழுக்கவும் அதே வரி, அதே காலிக் கட்டம். மே இருபத்தொன்பதாம் தேதி கடைசி வரி. அங்கே மட்டும் காலிக் கட்டத்தின் மூலையில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான்.

அவள் தெருவைத் தாண்டி ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது. தினம் அவளுக்கென்று எண் சொல்லிப் போட்டிருக்கிறான், அவள் ஒருத்தியைத் தவிர எல்லோருக்கும் கேட்டிருக்கிறது.

அல்பீனா கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

“மேடம்,” என்றாள் கெல்சி தயங்கி, “அது ஆவணம். அதுல எழுதக் கூடாது.”

“தெரியும்மா. இந்தக் கட்டத்த அவன் எனக்குத்தான் விட்டு வச்சிருக்கான்.”

கெல்சி என்ன நினைத்தாளோ, தடுக்கவில்லை. அல்பீனா குனிந்து, அந்தக் கேள்விக்குறியின் பக்கத்தில், கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரிப் பொடியாக எழுதினாள்:

‘வரவில்லை. எங்கள் பெட்டியில் எஃப்.எம். கிடையாது. கேட்க ரொம்ப ஆசையாக இருந்தது. – 319, சலவைக்கூடம்.’